கையடக்கப் பொடென்ஷியோஸ்டாட்: இரண்டு உலோகங்களுக்கு நடுவிலுள்ள பாலத்தை அளக்க இது போதுமா?

பேராதனையிலோ பதுளையிலோ இறுதியாண்டு ஆய்வுக்காக இரண்டு உலோக முனைகளை ஒரு மூலக்கூற்றுப் பாலம் இணைக்கும் இரட்டை உலோகச் சேர்மம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, சைக்ளிக் வோல்டாமெற்றி (அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஓட்டத்தை அளப்பது) எடுக்க மேசைக் கருவியின் வரிசையில் நிற்பவர்களுக்கான மதிப்புரை இது. யூஎஸ்பியில் ஓடும் கையடக்கப் பொடென்ஷியோஸ்டாட் பெட்டி (மின்வாயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டத்தை அளப்பது), மூன்று மின்வாய்கள், ஒரு கண்ணாடிக் கலம் என்று ஒரே தொகுதியாக வருவதைத்தான் பார்க்கப்போகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டியை நம்பி வாங்கலாம். அதோடு வரும் ஒப்பீட்டு மின்வாய் (அழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது) இந்த வேலைக்கு ஆகாது. திரையில் வரும் இரண்டு அலைகளின் (ஒவ்வொன்றும் ஒரு இலத்திரன் போவது) இடைவெளியை நேராக “இலத்திரன் இணைப்பு”, அதாவது பாலத்தின் வழியே இரண்டு உலோகமும் இலத்திரனைப் பகிரும் அளவு, என்று ஆய்வறிக்கையில் எழுதுபவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது.

மலிவுப் பொடென்ஷியோஸ்டாட்டுகளுக்கு வழி திறந்தது 2011இல் திறந்த வடிவமைப்பாக வெளியான சீப்ஸ்டாட். 80 டொலருக்குள் செய்துகொள்ளலாம் என்றுதான் அதை வெளியிட்டார்கள். நாம் பார்க்கும் பெட்டியும் அந்த வழிதான். அழுத்த வீச்சு கூட்டலும் கழித்தலுமாக 1.65 வோல்ற், 12 பிற் துல்லியம், 1 மைக்ரோ அம்பியரிலிருந்து 1 மில்லி அம்பியர் வரை நான்கு ஓட்ட வீச்சுகள். கரைசலின் தடையால் இழக்கும் அழுத்தத்தை ஈடுசெய்யும் வசதி கிடையாது. கூடவே செயல் மின்வாயாக 3 மில்லிமீற்றர் கண்ணாடிக் காபன் மின்வாய், எதிர் மின்வாயாகப் பிளாற்றினக் கம்பி, ஒப்பீட்டுக்கு 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டில் நிற்கும் வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய், டெஃப்லோன் மூடி போட்ட 10 மில்லிலீற்றர் கலம், 0.05 மைக்ரோன் அலுமினாத் தூள் ஒரு சிமிழ். மேசைக் கருவிக்குப் பல இலட்சம் ரூபாய் போகும் நாட்டில் இது பெரிய விஷயம்தான்.

பெட்டி வந்தவுடன் கரைசல் எதையும் தொடவேண்டாம். 10 கிலோ ஓம், ஒரு சதவீதத் தடையி ஒன்று இலத்திரனியல் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். செயல் மின்வாயின் கிளிப் ஒரு முனையில், ஒப்பீட்டு, எதிர் மின்வாய்களின் கிளிப்புகள் இரண்டும் மறுமுனையில். 0 முதல் 0.5 வோல்ற் வரை ஓட்டினால் நேர்கோடு வந்து 50 மைக்ரோ அம்பியரில் முடியவேண்டும். வீச்சை 100 மைக்ரோ அம்பியரில் வைத்தால் இந்த ரகப் பெட்டி ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். 10இல் வைத்தால் கோடு 0.1 வோல்ற்றிலேயே தட்டையாகிவிடும். மென்பொருள் எச்சரிக்காது. பயனர் தட்டையான தலையைப் பார்த்து உச்சம் என்று நினைப்பதற்கு நல்ல வாய்ப்பு.

அழுத்த அச்சில் ஒரு குறை இருக்கிறது. நம் வேலைக்கு அதுதான் முக்கியமான குறை. 3.3 வோல்ற்றை 4096ஆல் வகுத்தால் ஒரு படி 0.806 மில்லிவோல்ற். நீங்கள் படியளவு 5 மில்லிவோல்ற் என்று கொடுத்தால் பெட்டியால் ஆறு படிதான் தரமுடியும், அதாவது 4.83. மென்பொருளோ ஒவ்வொரு படியையும் 5 என்றே எண்ணிக் கோப்பில் எழுதுகிறது. உண்மையில் 330 மில்லிவோல்ற் இடைவெளி இருந்தால் திரையில் 341 என்று விழும். இலக்கியத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடும்போது அந்த 11 மில்லிவோல்ற்றுக்குக் கரைப்பான் விளைவு, அயன்சோடி விளைவு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தீர்வு சுலபம்: படியளவை 4.03 என்று கொடுங்கள், அது சரியாக ஐந்து படி. அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் அழுத்தம் ஓடும் வீச்சின் இரு முனைகளிலும் மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள்.

இரைச்சலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மடிக்கணினியின் சார்ஜர் செருகியிருந்தால் 50 ஹேட்ஸ் அலை கோட்டில் ஏறிவிடும், கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டவேண்டும். கலத்தை ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இறக்கி, டின்னைப் பெட்டியின் தரைமுனையோடு கம்பியால் இணைத்தால் மீதியும் அடங்கும். வண்ணப்பூச்சைச் சுரண்டி வெறும் தகரத்தில் கிளிப்பைப் போடவேண்டும், பூச்சின்மேல் போட்டால் ஒன்றும் நடக்காது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழைக்கு மின்சாரம் போகும் ஊர்களில், பற்றரியில் ஓடுவது தனி இலாபம்.

இனி ஒப்பீட்டு மின்வாய். நீர் நிறைந்த இந்த மின்வாயை டைகுளோரோமெதேனுக்குள் விட்டால் மூன்று தொல்லைகள் சேர்ந்து வரும். நுண்துளை முனையில் உப்புப் படிந்து அடைக்கும், தண்ணீர் கலத்துக்குள் கசியும், இரண்டு கரைசலும் சந்திக்கும் இடத்தின் அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் நகரும். இதற்குப் பதில், நுண்துளை முனையுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றில் 0.01 மோலர் வெள்ளி நைத்திரேற்றும் 0.1 மோலர் மின்பகுபொருளும் கலந்த அசற்றோநைத்திரைல் 5 மில்லிலீற்றர் ஊற்றி (வெள்ளி நைத்திரேற்று 8.5 மில்லிகிராம் போதும்), வெள்ளிக் கம்பியை அதில் நிறுத்துங்கள். இருட்டில் வைத்தால் சில வாரம் தாங்கும். எப்படியும் கடைசியில் அக ஒப்பீட்டுப் பொருள் ஒன்றை (அழுத்தம் தெரிந்த இன்னொரு சேர்மத்தை) அதே கரைசலில் போட்டு எண்களைத் திருத்தத்தான் வேண்டும்.

சோதனைக்குச் சரியான சேர்மம் பைபெரோசீன்தான். இரண்டு பெரோசீன் அலகுகள் (ஒவ்வொன்றும் இரண்டு காபன் வளையங்களுக்கு நடுவே ஒரு இரும்பு) ஒற்றைப் பிணைப்பால் நேராக ஒட்டியது, அயடோபெரோசீனைச் செம்புத்தூளோடு சூடாக்கும் உல்மன் இணைப்பால் செய்வது. 10 மில்லிலீற்றர் உலர்ந்த டைகுளோரோமெதேனில் 3.7 மில்லிகிராம் போட்டால் 1 மில்லிமோலர். மின்பகுபொருளாக டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹெக்சாபுளோரோபொஸ்பேற்று 0.39 கிராம், அதாவது 0.1 மோலர். எதனோலில் மீள்பளிங்காக்கி, வெற்றிடத்தில் 80 பாகை செல்சியசுக்குமேல் உலர்த்திய உப்பாக இருக்கட்டும். மின்வாயை அலுமினாவில் எட்டு வடிவில் ஒரு நிமிடம் தேய்த்து, நீரால் கழுவி, பிறகு கரைப்பானால் அலசி உலர்த்தவேண்டும். நைதரசனைப் பத்து நிமிடம் கரைசலுக்குள் விட்டு, ஓட்டும்போது குழாயை மேலே தூக்கிக் கரைசலின் மேல்பரப்பில் மட்டும் ஓடவிடுங்கள். வேகம் செக்கனுக்கு 100 மில்லிவோல்ற்.

மலைநாட்டில் கவனிக்கவேண்டியது இந்த நைதரசன் கட்டத்தில்தான் இருக்கிறது. டைகுளோரோமெதேன் கடல்மட்டத்தில் 39.6 பாகையில் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில், ஏறத்தாழ 1870 மீற்றரில், அது 33, 34க்கு இறங்கிவிடும். வாயு வேகமாகப் போனால் கரைப்பான் பறந்து செறிவு ஏறும், பத்து நிமிடத்தில் உங்கள் 1 மில்லிமோலர் 1.3 ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. கலத்துக்கு முன் ஒரு கழுவும் போத்தலில் வெறும் டைகுளோரோமெதேனை ஊற்றி, நைதரசனை அதன்வழியே செலுத்தி ஈரமாக்கி அனுப்பினால் இது தீரும். அதைவிட மோசமானது, ஆவியாகும் கரைப்பான் மூடியின் உட்பக்கத்தைக் குளிரவைப்பது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹற்றன் பக்கத்து ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, மின்வாய்த் தண்டைப் பிடித்துக்கொண்டு கலத்துக்குள் இறங்கும். பெரோசீன் ஒட்சியேறி வரும் பெரோசீனியம் அயனுக்கு ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் ஆகாது. இரண்டாவது அலையின் திரும்பும் உச்சம் முன்னுச்சத்தைவிடக் குட்டையாக வந்தால், சேர்மத்தைக் குறை சொல்லுமுன் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். மூடித் துவாரங்களைச் சுற்றி டெஃப்லோன் நாடா இரண்டு சுற்று. தொகுதியில் அந்தத் துவாரங்கள் தாராளமாகவே வெட்டப்பட்டிருக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரே உயரத்தில் இரண்டு மீளும் அலைகள் வரும், நடு இடைவெளி 330 மில்லிவோல்ற்றை ஒட்டி. ஒவ்வொரு அலையிலும் முன்னுச்சத்துக்கும் திரும்பும் உச்சத்துக்கும் இடையே புத்தகம் சொல்வது 59 மில்லிவோல்ற் அளவு. இந்தக் கலத்தில் 90, 110 என்று வரும், பயப்படவேண்டாம். டைகுளோரோமெதேனில் 1500 ஓம் தடை மிஞ்சியிருந்து உச்ச ஓட்டம் 20 மைக்ரோ அம்பியராக இருந்தால், 30 மில்லிவோல்ற் அங்கேயே விழுந்துவிடுகிறது. முன்னுச்சம் மேலே தள்ளப்படும், திரும்பும் உச்சம் கீழே தள்ளப்படும். இரண்டின் சராசரி பெரும்பாலும் அசையாது. ஆகவே இடைவெளியை எப்போதும் சராசரிகளிலிருந்து எடுக்கவேண்டும். தடை ஈடு இல்லாத இந்தப் பெட்டியில் 1 மில்லிமீற்றர் மின்வாயைத் தனியாக வாங்கிப் போட்டால் ஓட்டம் ஒன்பதில் ஒன்றாகும், தடை மும்மடங்காகும், மொத்த இழப்பு 30இலிருந்து 10க்கு இறங்கும். தொகுதியின் விலையில் இந்த மின்வாயையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அக ஒப்பீட்டுக்குப் பெரோசீனைப் போட்டுவிடாதீர்கள். அதன் அலை பைபெரோசீனின் இரண்டு அலைகளுக்கும் நடுவே, முதலாவதை உரசிக்கொண்டு விழும். டெகாமெதைல்பெரோசீன் 3 மில்லிகிராம் கடைசி ஓட்டத்தில் சேருங்கள். அது பெரோசீனைவிட அரை வோல்ற்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே, எவருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் நிற்கும்.

இப்போது 330 கையில் இருக்கிறது. அது என்ன சொல்கிறது? 25 பாகையில் ஒவ்வொரு 59 மில்லிவோல்ற்றும் சமநிலை மாறிலியைப் பத்து மடங்காக்கும். எனவே நடு நிலை, அதாவது ஒரு இரும்பு ஒட்சியேற்ற நிலை இரண்டிலும் மற்றது மூன்றிலும் நிற்கும் கலப்பு வலுவளவு நிலை, இருபக்கமும் பிரிந்துபோகாமல் நிற்பதற்கான மாறிலி ஏறத்தாழ 4 இலட்சம். கரைசலில் அந்த அயனைத் தனியாக வைத்து ஆராயலாம் என்பதற்கு இது உத்தரவாதம். அதற்குமேல் எதற்கும் உத்தரவாதமில்லை.

ஏனென்றால் அந்த இடைவெளிக்குள் பல கணக்குகள் கலந்திருக்கின்றன. இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அறியாமலே இருந்தாலும் வெறும் புள்ளியியலால் 35.6 மில்லிவோல்ற் வந்துவிடும். ஏற்கெனவே நேர்மின்னேற்றம் ஏறிய மூலக்கூறிலிருந்து இன்னொரு இலத்திரனைப் பிடுங்குவதற்கான நிலைமின் செலவு, பாலத்தின் வழியே வரும் தூண்டல், கரைசலிலுள்ள எதிரயன் அந்த மின்னேற்றத்தை எவ்வளவு மறைக்கிறது என்பது, இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் பாலத்தின் சுற்றுப்பாதைகள் வழியே இலத்திரன் உண்மையில் பரவியதால் வந்த பங்கு. மின்பகுபொருளை மட்டும் மாற்றி, எதிரயனாகப் பெரிய, எதையும் ஒட்டாத டெட்ராகிஸ் பென்டாபுளோரோபீனைல் போரேற்றைப் போட்டாலே அதே சேர்மத்தின் இடைவெளி விரியும். மூலக்கூறின் பாலத்தை யாரும் தொடவில்லை. இரண்டு மாணவர்கள் இரண்டு உப்பில் எடுத்த எண்களை ஒரே அட்டவணையில் போட்டுப் பாலங்களை வரிசைப்படுத்துவது, இரண்டு தராசில் நிறுத்த கொழுந்தை ஒரே கணக்கில் எழுதுவதுபோல்தான்.

இதற்கு நல்ல சாட்சி கிரூட்ஸ்–டவுபே அயன். கரோல் கிரூட்ஸும் ஹென்றி டவுபேயும் 1969இல் செய்தது. ஐந்து அமோனியா சூழ்ந்த ருத்தேனியம் முனைகள் இரண்டு, நடுவில் பாலமாகப் பைரசீன். டவுபேக்கு நோபல் பரிசு 1983இல் கிடைத்தது. இதன் இடைவெளி 390 மில்லிவோல்ற் அளவு, பைபெரோசீனைவிட 60தான் கூடுதல். கரைப்பான் வேறு, உலோகம் வேறு என்றாலும் எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒரே ரகம் என்றுதான் சொல்வார். ஆனால் 1967இல் ரொபினும் டேயும் போட்ட வகைப்பாட்டில் பைபெரோசீனியம் இரண்டாம் வகை: மின்னேற்றம் ஒரு பக்கம் நின்று, தடையைத் தாண்டி மறுபக்கம் போகிறது. கிரூட்ஸ்–டவுபே அயனோ, மின்னேற்றம் இரண்டு உலோகத்திலும் சமமாகப் பரவிய மூன்றாம் வகையின் வாசலில் நிற்கிறது. ருத்தேனியத்தின் டி சுற்றுப்பாதைகள் பைரசீனின் வெறுமையான பை-விண்மீன் (π*) சுற்றுப்பாதையோடு அவ்வளவு நன்றாகக் கலக்கின்றன. பெரோசீன் முனைகளில் பெரும்பாலும் பாலத்தின் நிரம்பிய சுற்றுப்பாதைகள் வழியே துளைதான் (இலத்திரன் போன வெற்றிடம்) நகர்கிறது. ஆகவே அங்கே இலத்திரன் வளமுள்ள பாலம் உதவும், இலத்திரனை இழுக்கும் பாலம் உதவாது. பாலத்தைத் தெரிவு செய்யும்போதே கேட்கவேண்டிய கேள்வி இது.

வித்தியாசத்தைக் காட்டுவது, இரண்டு உலோகங்களுக்கிடையே இலத்திரன் நகர்வதால் வரும் அண்மைச் செந்நிறக்கீழ் உறிஞ்சல் பட்டைதான். கிரூட்ஸ்–டவுபே அயனின் பட்டை 1570 நானோமீற்றரில் இருக்கிறது. பட்டையின் அகலத்தைக் கணிக்கும் ஹஷ் சூத்திரப்படி இரண்டாம் வகையானால் அதன் அரையுயர அகலம் ஏறத்தாழ 3800 அலையெண்ணாக (cm⁻¹) இருக்கவேண்டும். கண்டதோ 1400ஐ ஒட்டித்தான். அந்த ஒடுக்கம்தான் சாட்சி. பைபெரோசீனியத்தின் பட்டை 1800, 1900 நானோமீற்றர் பக்கம் அகலமாகப் படுத்திருக்கும். பல்கலைக்கழகங்களில் சாதாரணமாகக் காணும் நிறமாலைமானிகள் 1100 நானோமீற்றரில் நின்றுவிடும், ஆகவே அந்த அளவீட்டுக்கு நீள்வீச்சுக் கருவி உள்ள இடத்தில் முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். இந்தத் தொகுதியை விற்பவர்களின் விளக்கக் குறிப்பில் “இணைப்பை அளக்கலாம்” என்றிருப்பது மிகைதான். “எந்த மாதிரியை மேலே அனுப்பலாம் என்று தெரிவு செய்யலாம்” என்று எழுதியிருந்தால் நியாயமாக இருக்கும்.

பாலமே ஒட்சியேறும் ஆபத்தும் உண்டு. ருத்தேனியம் முனைகளுக்கு நடுவே அசற்றிலீன்–பென்சீன்–அசற்றிலீன் போட்ட சேர்மங்களில் முதல் இலத்திரன் பெரும்பங்கு பாலத்திலிருந்தே போகிறது. அலைகள் அழகாக, தள்ளித் தள்ளி வரும். பார்ப்பவர் வலுவான இணைப்பு என்று மகிழ்வார். எத்தனை இலத்திரன், எந்த அழுத்தத்தில் என்பதைத்தான் வோல்டாமோகிராம் சொல்லும், யாருடைய இலத்திரன் என்று சொல்லாது. ஒட்சியேற்றத்தோடு மும்மைப் பிணைப்பின் செந்நிறக்கீழ் உறிஞ்சல் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால்தான் அது தெரியவரும்.

சிறிய இடைவெளிகளில் பெட்டி திணறுகிறது. இரண்டு பெரோசீனுக்கு நடுவே ஒரு மும்மைப் பிணைப்புள்ள டைபெரோசீனைல் அசற்றிலீனுக்கு 130 மில்லிவோல்ற் அளவு, இரண்டு மும்மைப் பிணைப்புள்ள டைபெரோசீனைல் பியூட்டாடையைனுக்கு 100 அளவு. சைக்ளிக் ஓட்டத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு திமிலாகத்தான் தெரியும். வேறுபாட்டுத் துடிப்பு முறைக்கு (சிறு அழுத்தத் துடிப்புக்கு முன்னும் அதன் முடிவிலும் ஓட்டத்தை அளந்து வித்தியாசம் எடுப்பது) மாறவேண்டும். அங்கே தனி உச்சம் ஒன்றின் அரையகலமே 90 மில்லிவோல்ற், மென்பொருள் முன்னிருப்பாக வைத்திருக்கும் 50 மில்லிவோல்ற் துடிப்பு அதை இன்னும் அகலமாக்கும். 25க்குக் குறையுங்கள். 10க்குப் போனால் 12 பிற்றின் படிகள் கோட்டில் பல்லுப் பல்லாகத் தெரியத் தொடங்கும், அதுதான் இந்தக் கருவியின் எல்லை. பாலம் நீண்ட நிறைவுற்ற சங்கிலியானால் ஒரே அலைதான், இரட்டை உயரத்தில். உச்ச இடைவெளி 59ஐ விட்டு, இரண்டு இலத்திரன் ஒன்றாகப் போனால் வரும் 29க்கு இறங்காது, இரண்டு இரும்பும் தனித்தனியே ஒட்சியேறுவதால்.

டைகுளோரோமெதேன் வாங்கவோ கழிவை அனுப்பவோ வசதியில்லாத இடங்களுக்கு, ஹற்றன், பண்டாரவளை உயர்தரப் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும்கூட, இதே பெட்டியால் செய்யக்கூடிய அருமையான வேலை பிரசிய நீலம். இரும்பு இரண்டும் இரும்பு மூன்றும் சயனைட்டுப் பாலத்தால் கோக்கப்பட்டது. அந்த நீலமே ஒரு இரும்பிலிருந்து மற்றதுக்கு இலத்திரன் தாவும் பட்டைதான், 700 நானோமீற்றரை ஒட்டி, கண்ணால் பார்க்கும்படி. 50 மில்லிலீற்றர் நீரில் பொற்றாசியம் குளோரைட்டு 0.37 கிராம், ஐதரோகுளோரிக்கமிலம் 0.01 மோலர் வரும்படி, பெரிக்குக் குளோரைட்டு எக்சாஐதரேற்று 27 மில்லிகிராம், பொற்றாசியம் பெரிசயனைட்டு 33 மில்லிகிராம். தொகுதியிலுள்ள வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்க்கு இங்கேதான் வேலை. அதற்கெதிராக 0.4 வோல்ற்றில் 60 செக்கன் வைத்தால் காபன் தட்டில் நீலப்படலம் ஏறும். கழுவி, இரும்பு இல்லாத அதே அமிலக் கரைசலில் கழித்தல் 0.05 முதல் 0.35 வோல்ற் வரை ஓட்டுங்கள். 0.2 வோல்ற் பக்கத்தில் ஒடுக்கமான இரட்டை உச்சம் வரும், அதைத் தாண்டிக் கீழே போகும்போது நீலம் மறையும், திரும்பும்போது மீளும். இரும்பு மூன்று எல்லாம் இரண்டானதும் தாவ இடமில்லை, பட்டையும் இல்லை. கண்ணுக்குத் தெரிய, காபன் தட்டைவிடக் கடத்தும் கண்ணாடித் துண்டு நல்லது. பொற்றாசியத்துக்குப் பதில் சோடிய உப்பைப் போட்டால் உச்சங்கள் அகன்று சிதையும், நீர் சூழ்ந்த சோடியம் அயன் படலத்துக்குள் லேசில் நுழையாது. குழாய் நீரில் கழுவி அப்படியே விட்டால் படலம் உதிரும், கார நீர் அதைப் பழுப்பாக்கும். செறிந்த அமிலத்தையோ சூட்டையோ இந்தக் கரைசலுக்கு அருகில் கொண்டுவரக்கூடாது, சயனைட்டு என்பதை மறக்கவேண்டாம்.

மென்பொருளைப் பற்றி இரண்டு வரி போதும். கோப்பை வெறும் எண் நிரலாகச் சேமிக்கிறது, அது நல்லது. அடிக்கோடு போடும் வசதி நம்பத்தகாதது, விரிதாளில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

குளோரீன் ஏறிய கழிவுக்குத் தனிப் போத்தல், பெயர் எழுதி. பேராதனையில் தொட்டியில் ஊற்றுவது எங்கே போகும் என்று மகாவலிக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வாங்கும்போது கூடவே எழுதவேண்டியவை: 1 மில்லிமீற்றர் காபன் மின்வாய், நுண்துளை முனைக் குழாய்கள் இரண்டு (ஒன்று நிச்சயம் உடையும்), 0.3 மைக்ரோன் அலுமினா, உதிரிக் கிளிப்புகள். கிளிப்பின் பற்கள் அமில ஆவியில் பச்சை பிடித்து, ஓட்டம் திடீர் திடீரென்று துள்ளும், மாதம் ஒருமுறை உரசவேண்டும். காபன் மின்வாயை வேலை முடிந்ததும் அலசி உலர்த்திப் போடுங்கள், டைகுளோரோமெதேனில் ஊறப்போடாதீர்கள். உறைக்கும் காபனுக்கும் இடையிலுள்ள ஒட்டுப்பொருள் இளகிக் கரைசல் பக்கவாட்டில் ஏறினால் வெற்றோட்டத்தின் கோடு தடித்துச் சாயும், எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.